பல் டாக்டர் படம்

கேமரன் மலை,
1 டிசம்பர் 2024

அன்பு வெரோனிகா அக்காவுக்குப் பிலோமி எழுதுவது.

இங்கே நான் நல்ல சுகம். உங்கள் முழங்காலும் பிரஷரும் சொன்னபடி கேட்கின்றனவா? கிள்ளானில் வெயில் கொளுத்துகிறது என்று நம் பிள்ளை ராய்ஸ்டன் சொன்னான். இங்கே பத்து நாளாக மழை. துவைத்தது காய்வதற்குள் போட்டிருப்பது அழுக்காகிவிடுகிறது. விடுமுறைக் கூட்டம் வேறு. கியா பார்ம் சந்தையிலிருந்து கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தோட்டத்து டீக்கடையில் ஊற்றி ஊற்றி எனக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தம்பி இருந்தவரை கிறிஸ்மஸுக்கு மறுநாள் கோயில் மண்டபத்தில் பல் டாக்டர் படம் போடுவார் அல்லவா? அவர் போய் மூன்று கிறிஸ்மஸ் கழிந்துவிட்டது. யாரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இந்த வருஷம் லயத்து வீடுகளில் சிலர் கேட்கிறார்கள். படத்தின் டிவிடி தட்டும் புரொஜெக்டரும் நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன. போன ஞாயிறு பூசை முடிந்து பழைய கிராணி ராஜநாயகம் வந்தார். நம் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதினாரே, இப்போது திரிங்காப்பில் பூத்தோட்டம் பார்க்கிறார், அவர்தான். வாசலிலேயே நின்று, "ஒங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்லா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அது உங்கள் தம்பியின் பொருள். எனக்குப் புருஷன் என்றாலும், தாய் இல்லாத அவரைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். உங்களைக் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை. என்ன சொல்கிறீர்கள்?

தேயிலை ஆறு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். விக்னேஸ்வரிக்கும் கொடுங்கள்.

என்றும் உங்கள்
பிலோமி

*

கிள்ளான்,
9 டிசம்பர் 2024

பிலோமி கண்ணுக்கு,

கடிதமும் தேயிலையும் வந்து சேர்ந்தன. முழங்கால் நான் சொன்னபடி கேட்கவில்லை, அது சொன்னபடி நான் கேட்கிறேன். காதுதான் இன்னும் மோசம். புது மெஷின் உள்ளே விசில் அடிக்கிறது. பக்கத்து வீட்டு விக்னேஸ்வரி வாசலில் நின்று கத்துவது தெருமுனைக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்பதில்லை. போனில் எழுதிப் பழகுங்கள் என்கிறாள். அந்தக் கண்ணாடியில் விரல் வைத்தால் ஓரெழுத்துக்கு மூன்றெழுத்து விழுகிறது. நீ எனக்குக் கடிதமே எழுது.

படத்தைப் போடு. அலமாரியில் வைத்துப் பூஞ்சை பிடிக்க விடுவதற்கா சூசை அதை வாங்கினான்? முதல் பத்து நிமிஷம் இல்லாத தட்டு. படத்தின் பெயர்கூட அதோடு போய்விட்டது. பல்லே வலிக்காத ஒரு பெண், கூச்சக்கார டாக்டரைப் பார்ப்பதற்காக வாரம் ஒரு பல்லைக் காட்டிக்கொண்டு வருவாள். பல்லில் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் "அடுத்த வாரமும் வாங்க" என்பார். இதில் என்னத்தைக் கண்டானோ சூசை! சிரிப்பு வரும் இடத்துக்கு முன்னாலேயே சிரித்துவிடுவான். சனங்கள் படத்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்துச் சிரிக்கும்.

நடந்ததை விவரமாக எழுது. இனி எனக்குப் படம் என்றால் உதடு அசைவதுதான். நீ எழுதினால் காதால் கேட்ட மாதிரி இருக்கும்.

குளிரில் வெறும் ரொட்டி தின்றுகொண்டு கிடக்காதே. சோறு ஆக்கிச் சாப்பிடு.

அக்கா வெரோனிகா

*

கேமரன் மலை,
29 டிசம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

கிறிஸ்மஸ் திருநாள் உங்களுக்கு நன்றாகக் கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய புடவையைக் கட்டிக்கொண்டேன். பச்சை எனக்கு எடுக்குமா என்று யோசித்தேன். எடுக்கிறது என்று சொன்னார்கள். ராய்ஸ்டன் ஒரு நாள் இருந்துவிட்டு, ஷிப்ட் என்று ஷா ஆலமுக்குத் திரும்பிவிட்டான்.

படக்கதை கேளுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். நாற்பது நாற்காலி போட்டோம், எழுபது பேர் வந்துவிட்டார்கள். கொழுந்து எடுக்கும் பங்களாதேஷ்காரர்கள் பதினைந்து பேர் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். பேச்சு புரியாமலே நமக்கு முன்னால் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக் காளியம்மா முறுக்கு டின்னோடு வந்து உட்கார்ந்து, "இந்த டாக்டரு மூஞ்சியப் பாத்தா இல்லாத பல்லும் வலிக்கும்லா" என்றாள்.

கடைசிக் கட்டம் உங்களுக்குத் தெரியுமே. டாக்டர் பதற்றத்தில் நல்ல பல்லையே பிடுங்கிவிட்டு, அவள் வாய் நிறையப் பஞ்சை அடைத்த பிறகுதான், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்க வாய் திறப்பார். சரியாக அங்கே தட்டு நின்றுவிட்டது. திரையில் டாக்டர் வாய் திறந்தபடி நிற்கிறார், அவள் கண் விரித்தபடி இருக்கிறாள். ஒரே கூச்சல். கிராணி தட்டை எடுத்துச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் போட்டார். அசையவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார். ஆபீசில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், டாக்டர் பேச்சை அவரே பேசினார். கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு அவளுக்காக "ம்ம்! ம்ம்ம்!" என்று தலையையும் ஆட்டினார். "கேள்வியக் கேட்டுட்டு வாய அடைச்சிட்டாரே!" என்று காளியம்மா கத்தினாள். மண்டபமே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

நானும் சிரித்துவிட்டேன், அக்கா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், அவர் இல்லாமல் சிரித்துவிட்டேனே என்று இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

எல்லாருக்கும் காப்பி கொடுத்தோம். கிராணிக்கு மட்டும் தனியாகப் போட்டேன். சீனி போட்டால் குடிக்க மாட்டார். தட்டு மொத்தமாகப் போய்விடும் முன்பு படத்தை நகல் எடுத்துத் தந்திருக்கிறார். இதோடு வருகிற பென்டிரைவில் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிலோமி

*

கிள்ளான்,
12 ஜனவரி 2025

பிலோமி கண்ணுக்கு,

சுகம். மழையில் முழங்கால் கொஞ்சம் முனகுகிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை வாய் விட்டுச் சிரித்தேன். இரண்டாவது முறை, பச்சை எடுக்கிறது என்று சொன்னது யார் என்று யோசித்தேன். காளியம்மா சொன்னால் நீ காளியம்மா என்றுதான் எழுதுவாய். மூன்றாவது முறை, சீனி இல்லாத காப்பி.

நான் ஒன்றும் கேட்கவில்லை. எழுத ஏதும் இருந்தால் எழுது.

அக்கா

*

கேமரன் மலை,
16 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

இரண்டு மாதம் பதில் போடாததற்கு மன்னியுங்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்காருவேன், கிழித்துப் போடுவேன்.

எழுத இருக்கிறது, அக்கா.

படம் போட்ட மறு ஞாயிறு கிராணி புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அதற்கடுத்த ஞாயிறு அதன் வயரைக் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் உறை. கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாத வாரம், செவ்வந்திப் பூக்கட்டோடு வந்து, "சூசை கல்லறைக்கு" என்றார். இரண்டு பேரும் போய் வைத்துவிட்டு வந்தோம். அவர் மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள், கம்போங் ராஜாவில் குடும்பமாக இருக்கிறாள்.

போன வாரம் டீக்கடை அடைத்த பிறகு வெளிப்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். "எனக்கு அழகா சொல்லத் தெரியாது பிலோமி. நீங்களும் தனியாத்தான் சோறு திங்கிறீங்க, நானும் தனியாத்தான் திங்கிறேன். ஒரே மேசையில தின்னா என்னாலா?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வயதில் இதை யாரிடம் சொல்ல? உங்களிடம்தான் சொல்ல முடியும். சொல்லவும் பயமாக இருக்கிறது. அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ராய்ஸ்டனுக்கும் தெரியாது. நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதற்குப் பிறகுதான் எதுவும்.

கோபம் வந்தாலும் எழுதிவிடுங்கள்.

பிலோமி

*

கேமரன் மலை,
27 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

ஈஸ்டர் பாஸ்கு வாழ்த்து. ஆறு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தினமும் ஆபீசில் தபாலைக் கேட்டு, வெறுங்கையோடு திரும்பி வருகிறேன். விக்னேஸ்வரிக்குப் போன் போட்டேன். நீங்கள் நலம் என்றாள். அதுவே போதும்.

ராய்ஸ்டன் போன் போட்டான். யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். "அப்பா நாற்காலியில வேற ஆளு உக்காந்தா நான் எதுக்கு மேல ஏறி வரணும்?" என்று கேட்டான். அப்படி அவன் என்னிடம் பேசியதே இல்லை. பாஸ்குவுக்கும் வரவில்லை. காளியம்மாவின் வாய்தான் காரணம். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "சரிலா, மழ வருது, வீட்டுக்குப் போங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பிரிஞ்சாங் பூசைக்குப் போகிறார், நம் கோயிலுக்கு வருவதில்லை.

நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கக் கூடாது. அதை மறந்துவிட்டு எப்போதும் போல எனக்கு எழுதுங்கள், அக்கா. நீங்களும் இல்லாமல் என்னால் முடியாது.

பிலோமி

*

கிள்ளான்,
11 மே 2025

பிலோமி கண்ணுக்கு,

காளியம்மாவிடம் போய் இன்றைக்கே பேசு. ராய்ஸ்டனிடம் சொன்னது அவள் இல்லை. நான்.

உன் மார்ச் கடிதம் வந்த ஞாயிறன்று அவன் என்னைப் பார்க்க வந்திருந்தான். கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்து, "பார், உன் அம்மா செய்கிற காரியத்தை" என்றேன். எந்தக் குரலில் சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை. அவன் முகம் போன போக்கில் தெரிந்துகொண்டேன்.

கோபம்தான், பிலோமி. மறைத்து என்ன ஆகப்போகிறது? சூசை போனபோது உனக்குப் புருஷன் போனான். எனக்குத் தம்பி, பிள்ளை எல்லாம் சேர்ந்து ஒரே ஆளாகப் போனான். அவனுக்காக உலகத்தில் அழுகிறவர்கள் நீயும் நானும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து போய்விட்டால் அந்தத் துக்கத்தில் நான் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பயம்தான் கோபமாக வந்தது. இது தெரிய எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.

நீ முடியாது என்று சொல்லிவிட்டாய் என்று படித்தபோது, ஜெயித்துவிட்டேன் என்று தோன்ற வேண்டும் இல்லையா? சோறு இறங்கவில்லை.

கெடுத்தது நான். சரிசெய்வதும் என் வேலை. கொஞ்சம் நாள் கொடு. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இப்போது கேட்க மாட்டேன்.

வெரோனிகா

*

கேமரன் மலை,
25 மே 2025

அன்பு அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் எனக்கும் கோபம் இருந்தது. பிறகு, துக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் எங்கும் எழுந்து போகவில்லை, அக்கா.

காளியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ பேசாம இருந்ததே எனக்குத் தெரியாதுலா, நாந்தானே எப்பவும் பேசுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

பிலோமி

*

கிள்ளான்,
20 ஜூலை 2025

பிலோமி கண்ணுக்கு,

வேலை முடிந்தது. கேள்.

ராய்ஸ்டன் இரண்டு மாதமாக என் பக்கமும் வரவில்லை. போன சனிக்கிழமை விக்னேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு நானே ஷா ஆலமுக்குப் போய், அவன் தங்கும் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்தவன் என்னைப் பார்த்துப் பயந்துபோனான். "அத்தைக்கு ஒரு படம் பார்க்க வேண்டும், காது கேட்காது, நீதான் பேச்சை எழுதிக் காட்ட வேண்டும்" என்றேன். மறுக்க முடியுமா? மறுநாள் காலையில் வந்து, நீ அனுப்பிய பென்டிரைவை என் டிவியில் மாட்டினான்.

ஒரு கையில் ரிமோட், மறு கையில் பேனா. நிறுத்தி நிறுத்தி எழுதினான். ஒன்றரை மணி நேரப் படம் மத்தியானச் சோற்றைத் தாண்டிப் போயிற்று. சின்ன வயதில் அப்பாவின் முதுகில் ஏறி உட்கார்ந்து பார்த்த படம், ஆனால் வசனத்தை இப்போதுதான் கவனிக்கிறான். நாலாவது பல்லுக்கு அவள் வந்தபோது, படத்தில் இல்லாத ஒரு வரியை எழுதி நீட்டினான். "வலி இல்லனு டாக்டருக்குத் தெரியுமே அத்தை, ஏன் கேக்கல?"

"கேட்டால் அவள் அடுத்த வாரம் வரமாட்டாளே" என்றேன்.

அவன் பேனாவை வைத்துவிட்டான். படம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக எழுதினான். "அம்மா தனியாச் சாப்பிட ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆகுது. நான் ஒரு நாள்கூட என்னா சாப்பிட்டீங்கனு கேட்டதில்ல."

பெரிய பிள்ளை, இருபத்தேழு வயது. என் மடியில் தலை வைத்து அழுதான். நானும்தான். தடை சொன்னது நான், அவன் இல்லை என்று சொல்லிவிட்டேன். அத்தைமேல் கோபப்படு, அம்மாமேல் வேண்டாம் என்றும் சொன்னேன். அடுத்த வாரம் உன்னிடம் வருகிறான். மீன் குழம்பு வைத்துக் கொடு.

இனி உன் பாடு. நீ போய் அந்த மனிதரிடம் பேசு. முடியாது என்று நீ சொன்னதற்குக் காரணம் நான் என்று என் பெயரைச் சொல்லியே பேசு.

அக்கா வெரோனிகா

*

கேமரன் மலை,
17 ஆகஸ்ட் 2025

அன்பு அக்காவுக்கு,

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ராய்ஸ்டன் வந்தான். இரண்டு நாள் இருந்தான். கிளம்பும்போது, "போய்ப் பாருங்கம்மா. உங்ககிட்ட நான் பேசின பேச்சுக்கு வேற ஆளு வருத்தப்படக் கூடாது" என்றான்.

நேற்று பூ ஏற்றப் போகும் லோரியில் ஏறித் திரிங்காப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன். அவர் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே செவ்வந்திப் பாத்திகளுக்கு நடுவில் நின்றார். பூட்ஸ் முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். நான் வாயைத் திறந்த நேரம் மழை கொட்ட ஆரம்பித்தது. பிளாஸ்டிக்கில் மழை விழுந்தால் என்ன சத்தம் தெரியுமா? நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை.

"என்னாது?" என்றார். மறுபடி சொன்னேன். "கேக்கலலா!" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ, தொண்டை கிழியக் கத்தினேன். "எனக்குச் சம்மதம்! ஒரே மேசையில சாப்பிடலாம்!"

பூ வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "இருங்க, இந்தச் சட்டையில வேணாம்" என்று ஓடினார். சட்டை மாற்றிக்கொண்டு வந்தபோது பொத்தான் எல்லாம் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. நான் சரிசெய்தேன். அவ்வளவுதான், அக்கா. மழை விடும்வரை பூக்கூடைகள் மேல் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு உங்களைப் பற்றிச் சொன்னேன். தடுத்ததையும் சொன்னேன், சரிசெய்ததையும் சொன்னேன். "கூடப் பொறந்தவங்களுக்கு வலிக்காதா பின்ன?" என்றார். உங்கள்மேல் ஒரு சொட்டு வருத்தம் இல்லை அவருக்கு.

பாதரிடம் பேசியாயிற்று. ஜனவரியில் கல்யாணம், அதற்கு முன் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். கிறிஸ்மஸுக்கே நீங்கள் வந்துவிட வேண்டும். நீங்கள் இல்லாமல் ஓலை வாசிக்க விடமாட்டேன்.

உங்கள் பிலோமி

*

கிள்ளான்,
7 டிசம்பர் 2025

பிலோமி கண்ணுக்கு,

நான்கு மாதத்தில் நாலு கடிதம் போட்டு வா வா என்கிறாய். வருகிறேன். டாக்டர் முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார். மலைப் பாதையின் வளைவுகளுக்கு விக்னேஸ்வரி எலுமிச்சம்பழம் கட்டி வைத்திருக்கிறாள்.

24ஆம் தேதி ஈப்போ வரை ராய்ஸ்டன் கூட்டிவருகிறான். அங்கிருந்து அவன் வேறு வேலையாகப் போகட்டும், நீயும் வர வேண்டாம். ராஜநாயகத்தைக் காரோடு அனுப்பு. மலை ஏறும் வரை அவர் என் காதுக்குள் கத்தட்டும். மனிதருக்கு எவ்வளவு பொறுமை என்று நான் பார்த்துவிடுகிறேன்.

பச்சைப் புடவையைக் கல்யாணத்துக்குக் கட்டாதே. புதிதாக ஒன்று எடுத்திருக்கிறேன். நிறம் சொல்ல மாட்டேன், நான் கொண்டுவந்ததும் பார்.

26ஆம் தேதி படம் போடும்போது எனக்கு முன்வரிசையில் இடம் வை. ஒரு பக்கம் நீ உட்கார், மறுபக்கம் அவர் உட்காரட்டும். நடுவில் நான் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கவலைப்படாதே. படம் முடிந்ததும் எழுந்து இடம் விடுவேன்.

அவரை நான் எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். கிராணி என்றால் அந்நியமாக இருக்கிறது. பெயர் சொல்லவும் வாய் வரவில்லை. அவர் எனக்கு எட்டு வயது இளையவர். அதனால் தம்பி என்றுதான் கூப்பிட வேண்டும். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. சொல்லி முடிக்காமல் நான் பாதியில் நிறுத்திவிட்டால், நீங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பிறகு பழகிவிடும்.

அக்கா வெரோனிகா